தறிகளுக்கு ஓர் இரங்கல் கூட்டம்

அந்த ஊரில் கம்பளி நெசவு அடியோடு அழிந்துவிட்டது என்று அரசு அறிவித்தபோது, தறிச் சத்தத்தில் அந்த அறிவிப்பு யார் காதிலும் விழவில்லை. பாரம்பரிய நெசவு மீட்பு வாரியத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர், கிடங்கு வாசலில் நின்று மறுபடியும் மறுபடியும் படித்துப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், "கொஞ்ச நேரம் அவங்கள நிறுத்தச் சொல்லுங்க. செத்துப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயிடறேன்" என்றார்.

கண்டக்டர் உள்ளே ஓடினார். இந்த வாரியத்தை ஊருக்குள் அழைத்து வந்தவரே அவர்தான்.

அவர் இப்போது எந்தப் பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை. வருமானம் இல்லாத தடம் என்று அந்த ஊர்ப் பஸ்ஸை நிறுத்தியபோது அவரையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். காக்கிச் சட்டையும் விசிலும் பட்டப்பெயரும் மட்டும் அவரிடம் தங்கிவிட்டன. அரசாங்கம் தன்னை வீட்டுக்கு அனுப்பியதில் அவருக்கு வருத்தம் உண்டு, கோபம் கிடையாது. முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் இன்றைக்கும் கை தானாகக் குவிந்துவிடும்.

நெசவை ஆரம்பித்தது அவருடைய அண்ணி. கலையை வளர்க்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அந்த அம்மாளுக்குத் துளியும் இருந்ததில்லை. ஆட்டு ரோமத்தை வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடந்து நாறியது. நாற்றம் தாங்காமல், மாமனார் வீட்டுப் பழைய தறியைத் தட்டிக்கொட்டி நிமிர்த்தி, கைக்கு வந்தபடி கனமாக ஒரு கம்பளி நெய்தார். மழையில் வண்டி பழுதாகி ஊருக்குள் வந்த லாரி டிரைவர் ஒருவர் அதை இரவல் வாங்கிப் போனார். பிறகு வந்தது திருப்பித் தர அல்ல, இன்னும் நாலு பேருக்கு வேண்டும் என்று கேட்க. அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரிடம் சொன்னார்கள். அடுத்த குளிருக்குள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஏறிவிட்டது. எல்லாத் தறிகளையும் ஒரே இடத்தில் போட்டால் பேச்சுத்துணையாக இருக்கும் என்று பழைய தானியக் கிடங்குக்கு நகர்த்தினார்கள்.

குறை என்று இருந்தது ஒன்றுதான். கிடங்கின் கூரை ஒழுகியது. அதற்குத் தகரம் கேட்கத்தான் கண்டக்டர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் இயக்குநர் பெரிய அறையில் இருந்தார். சுவர் நெடுக அவர் ரிப்பன் வெட்டும் படங்கள். மேஜையில் பொம்மைத் தறி ஒன்றில் பேனாக்களைச் செருகி வைத்திருந்தார்.

"நெசவு நல்லா நடக்குதா?" என்று கேட்டார்.

"நடக்குது சார்."

"விக்குதா?"

"கேக்கறவங்களுக்குக் கொடுத்து மாளல சார்."

இயக்குநரின் முகம் வாடிப்போனது. "அப்ப ரொம்பக் கஷ்டம்" என்றார். "எங்க பேரைக் கவனிச்சீங்களா? மீட்பு வாரியம். தண்ணியில முங்கினவனைத்தான் நாங்க தூக்க முடியும். கரையில நின்னு தலை துவட்டறவனை என்ன பண்றது?"

"கூரைக்குத் தகரம் மட்டும் போதும் சார்."

"கூரைங்கறது பராமரிப்பு. அது வேற துறை. நல்லா இருந்த துறைதான். போன வருஷம் நாங்க அதை எங்களோட சேர்த்து மூடிட்டோம்." இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி, வந்தவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு வழி இருக்கு. முதல்ல அழிஞ்சுபோச்சுன்னு அறிவிச்சிடுவோம். சும்மா பேருக்குத்தான். அப்புறம் முழுசா மீட்டுக் கொடுத்துடறோம். கட்டடம், கூரை, பயிற்சி, பேனர், எல்லாமே வரும்."

"அதுவரைக்கும் நெய்யறவங்க நெய்யலாமா சார்?"

"தாராளமா நெய்யட்டும். ஆனா அழிஞ்ச மாதிரி நெய்யணும்."

கண்டக்டருக்குப் புரியவில்லை. புரியாததைச் சொல்பவர் பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற மரியாதையோடு தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் அண்ணி ரோமம் பிரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "தகரம் கேக்கப் போன மனுஷன் பாடை கட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க தம்பி" என்றார்.

"பேருக்குத்தான் அண்ணி. பெரியவங்க யோசிச்சுச் சொல்றாங்க."

"யோசிச்சா சொன்னாங்க?" என்று கண்டக்டரின் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள். கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த காபியில் சர்க்கரை இல்லை.

இப்படித்தான் ஆய்வாளர் வந்து வாசலில் நின்றது. கண்டக்டர் கெஞ்சியதில் தறிகள் நின்றன. மரண அறிவிப்பு படிக்கப்பட்டது. இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தார்கள். ஆய்வாளர் ஜீப்பிலிருந்து மலர்வளையம் ஒன்றை எடுத்து வந்து, இருப்பதிலேயே பெரிதான அண்ணியின் தறி மேல் சாத்தினார். அண்ணி அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தார். ஆய்வாளர் ஜீப் ஏறுவதற்குள் மலர்வளையத்தை ஆடு தின்று முடித்திருந்தது.

பேருக்குச் செத்தது அதோடு போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஆனால் வாரியத்தில் வேலை நடக்க ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்துகிற அதிகாரம் அங்கே யாருக்கும் கிடையாது. சில நாளிலேயே ஆய்வாளர் லாரியோடு வந்தார். அழிந்துபோன கலையின் எச்சங்களைப் பாதுகாப்பது வாரியத்தின் கடமையாம். எச்சங்கள் என்றால் தறிகள்.

"சார், அதுலதானே வேலை பண்றாங்க" என்றார் கண்டக்டர்.

"அழிஞ்ச ஊர்ல வேலை பண்றது தப்புங்க. அரசு அறிவிப்பைப் பொய்யாக்குற மாதிரி ஆயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கூலியாட்கள் தறிகளைத் தூக்கினார்கள். வாசல் போதவில்லை. கூரையைப் பிரித்து மேல்வழியாக இறக்கினார்கள். இப்படியாக, ஒழுகும் கூரை பற்றிய புகார் தீர்த்து வைக்கப்பட்டது.

வாரியம் வாடகைக்குப் பிடித்து வந்த லாரி, முதல் கம்பளியை இரவல் வாங்கிய அதே டிரைவருடையது. எங்கே, எதற்கு என்று சொல்லாமல் கூட்டி வந்திருந்தார்கள். அண்ணியின் தறி வண்டியில் ஏறும்போதுதான் அதில் பாதி நெய்த நிலையில் தொங்கிய கம்பளியைப் பார்த்தார். "இது என்னோடதாச்சே! மச்சானுக்குச் சொல்லி வச்சது!"

"இப்ப இது தேசத்தோடது" என்றார் ஆய்வாளர்.

அண்ணி வண்டி போகும்வரை இடுப்பில் கைவைத்து நின்றிருந்துவிட்டு வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து கண்டக்டரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சோறு போடுவார், தண்ணீர் வைப்பார். "தம்பி" என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வராது. திட்டியிருந்தாலும் கண்டக்டருக்கு ஒருவேளை சோறு இறங்கியிருக்கும்.

இதற்குப் பிறகு மீட்பு தொடங்கியது.

மீட்பின் முதற்படி பயிற்சி. ஆள் எடுப்பதற்காக ஆய்வாளர் கிடங்கில், திறந்த வானத்தின் கீழ், நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே வரிசையில் நின்றது.

"முன்னால நெய்ஞ்சிருக்கீங்களா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"நீங்க தூக்கிட்டுப் போறவரைக்கும் நெய்ஞ்சுட்டுத்தான் இருந்தேன்."

"அடடா. இது புதுசா கத்துக்கறவங்களுக்கான திட்டமாச்சே. அனுபவம் இருந்தா தகுதி போயிடும். எனக்கே வருத்தமாத்தான் இருக்கு."

நெசவு தெரிந்த அத்தனை பேரும் இப்படிக் கழிக்கப்பட்டார்கள். தேறியவர்கள் முடிதிருத்துபவர், டீக்கடைக்காரர், வேலைக்குப் போக விருப்பமில்லாத சில மருமகன்கள், அப்புறம் கண்டக்டர். கண்டக்டர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கம்பளி நெய்திருந்தார். அது ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வந்து மப்ளராகத்தான் பயன்பட்டது. அதை அனுபவமாகக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று ஆய்வாளர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

பயிற்சியாளர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே பத்துப் பேர் இருந்தாலும் மைக் இல்லாமல் பேசமாட்டார். "நெசவு கையில இல்லீங்க, மனசுல இருக்கு. முதல்ல கண்ணை மூடிக்கிட்டு நூலோட சிநேகமாகுங்க" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். டீக்கடைக்காரர் குறட்டை விட்டார். அவர் மிக ஆழமாகச் சிநேகமாகிவிட்டதாகப் பயிற்சியாளர் பாராட்டினார்.

வாரியம் வாங்கப்போகும் புதிய தறிகள் வந்து சேரவில்லை. அதற்காகப் பயிற்சியை நிறுத்த முடியுமா? வெறுங்கையில் நெய்யச் சொன்னார். வரிசையாக உட்கார்ந்து காலால் மிதித்து, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு இல்லாத நாடாக்கட்டையை எறிந்து பிடித்தார்கள். பயிற்சியாளர் நடுவில் நடந்தபடி முடிதிருத்துபவரிடம், "உங்க இழை அறுந்துபோச்சு பாருங்க" என்றார். அவர் பதறிப்போய்க் குனிந்து தரையெல்லாம் தேடினார்.

தெருவில் போன கண்டக்டரின் மனைவி, கிடங்குச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். புருஷன் கண்ணை மூடியபடி காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொண்டு போனாள். அன்றைக்குக் காபியே வரவில்லை.

அதற்குள் தெருவில் ஆட்கள் குறைய ஆரம்பித்தார்கள். குளிருக்குக் கம்பளி கேட்டு வந்த லாரிக்காரர்கள் வெறும் கிடங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். கைவேலை போனவர்கள் ஒவ்வொரு வீடாகச் செங்கல் சூளைக்குக் கிளம்பினார்கள். அண்ணிக்கு, அந்த லாரி டிரைவர் சிபாரிசு செய்து, நகரத்துக் கம்பளி மில்லில் இயந்திரம் துடைக்கிற வேலை கிடைத்தது. வாரியம் நடத்தப்போகும் மீட்பு விழாவுக்கு மறுநாள் காலை கிளம்புவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டிக் கூடத்தில் வைத்துவிட்டார். கண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்.

மீட்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். தறி எங்கேயும் இல்லை. பேனரில் மட்டும் ஒரு தறி, அதைவிடப் பெரியதாக இயக்குநரின் முகம். மேடையில் அடுக்கி வைக்கக் கம்பளி வேண்டுமே என்று நகரத்து மில்லிலிருந்து ஒரு வண்டிக் கம்பளி வாங்கி வந்திருந்தார்கள். அதன் ஓரத்தில் தைத்திருந்த மில் முத்திரைகளை நறுக்கும் பொறுப்பை, கத்தரிக்கோல் பிடித்துப் பழக்கம் உள்ளவர் என்று முடிதிருத்துபவரிடம் ஒப்படைத்தார் ஆய்வாளர். மீட்கப்பட்ட நெசவில் அந்த ஊரில் நடந்த ஒரே உண்மையான வேலை அதுதான்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "நான் பொறுப்பேற்றபோது இந்த ஊரில் என்ன இருந்தது? தறி இருந்தது, கம்பளி இருந்தது, வாங்குவதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் திட்டம் இருந்ததா? இல்லை! இன்று திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தைச் செயல்படுத்த எத்தனை தடைகள்! எத்தனையோ பேர் தங்களுக்கு ஏற்கெனவே நெய்யத் தெரியும் என்று சொல்லி எங்களை இழுத்தடித்தார்கள். நாங்கள் தளரவில்லை. அவர்களை ஒருவர் விடாமல் விலக்கிவிட்டுத்தான் இந்தக் கலையைக் காப்பாற்றியிருக்கிறோம்!"

வாரிய ஊழியர்கள் கைதட்டினார்கள். பந்தலின் கடைசி வரிசையில் அண்ணி கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

மீண்டெழுந்த முதல் நெசவாளர் என்று கண்டக்டரை மேடைக்கு அழைத்துக் கழுத்தில் பதக்கம் மாட்டினார்கள். சோற்றுத்தட்டு அளவுக்குப் பெரிய பதக்கம். நடுவில் வாரியத்தின் முத்திரை. நன்றி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். கண்டக்டர் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"சார், தறிங்களைத் திருப்பிக் கொடுத்துடுங்க சார். அது போதும்" என்றார்.

இயக்குநர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "நல்ல கேள்வி. தறிகள் அருங்காட்சியகத்தில் மிகவும் பத்திரமாக இருக்கின்றன. யார் கையும் படுவதில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இவர்கள் பாட்டுக்கு நெய்துகொண்டிருப்பார்கள். பிறகு நாங்கள் எதை மீட்பது?"

அதற்கும் கைதட்டினார்கள்.

முத்திரை மேல் கண்டக்டருக்கு இருந்த பக்தி அந்தக் கைதட்டலில் போய்விட்டது. பெரிய ஆவேசமெல்லாம் ஒன்றும் வரவில்லை. பஸ்ஸை நிறுத்திய அன்று வந்திருக்க வேண்டிய கோபம், தாமதமாக, அமைதியாக வந்து சேர்ந்தது.

மறுநாள் காலை அண்ணியை ஏற்றிக்கொள்ள லாரி வந்தபோது, கண்டக்டர் காக்கிச் சட்டையும் கழுத்தில் பதக்கமுமாக முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்கண்ணே?" என்றார் டிரைவர்.

"மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி வண்டியை அருங்காட்சியகத்துக்கு விடுங்க. உங்க மச்சான் கம்பளி அங்கதானே தொங்குது."

அண்ணி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஆனால் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

அருங்காட்சியகத்தில் காப்பாளர் ஒருவர் மட்டும் இருந்தார். தறிக் கூடத்துக்கு இதுவரை யாரும் வந்ததில்லை. காக்கிச் சட்டையையும் பதக்கத்தையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"தறிங்களை மீட்க வந்திருக்கோம்" என்றார் கண்டக்டர், பஸ்ஸில் சில்லறை கேட்கும் குரலில்.

"உத்தரவு ஏதாவது..."

கண்டக்டர் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார். காப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். "பாரம்பரிய நெசவு மீட்பு வாரியம்... மீட்கப்பட்டது. யாருங்க மீட்கப்பட்டது? நீங்களா, தறியா?"

"ரெண்டும்தான். சீக்கிரம் ஆகட்டும், பின்னால வண்டி நிக்குது."

காப்பாளருக்கு உள்ளூர நிம்மதி. அந்தக் கம்பளியிலிருந்து பூச்சி கிளம்பி, அடுத்த கூடத்தில் இருந்த அரசர் தலைப்பாகையை அரித்துக்கொண்டிருந்தது. அவரும் சேர்ந்து ஒரு பக்கம் தூக்கினார். கடைசித் தறியும் ஏறியதும் கண்டக்டர் பின்பலகையை மாட்டிவிட்டு விசிலை எடுத்து ஊதினார். "ரைட், ரைட்! போலாம்!"

லாரி முக்கில் திரும்பிய பிறகு அண்ணி வாயைத் திறந்தார். "தம்பி, காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை அண்ணி."

"வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. வெறும் வயித்துலயா இவ்ளோ பெரிய திருட்டு பண்ணுவாங்க?"

கண்டக்டர் சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்றார். லாரிப் புகை பின்பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

தறிகள் ஊருக்கு வந்தன. டிரைவர்கள் சேர்ந்து பழைய தார்ப்பாய்களைக் கொண்டு வந்து கிடங்குக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். சூளைக்குப் போனவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணி முதல் காரியமாக அந்த மச்சானின் கம்பளியைப் பூச்சி தட்டி முடித்துக் கொடுத்தார்.

ஆய்வாளர் வந்தது சில வாரங்கள் கழித்து. ஜீப்பில் வரவில்லை. தனியாக, நடந்து, வியர்த்து வந்தார். கிடங்கில் தறிகளைப் பார்த்தவர் கோபப்படவில்லை. உடனே முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

"நான் எதையும் பார்க்கல. பார்த்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார் சுவரைப் பார்த்து. "ஆனா நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். வெளிநாட்டுக் குழு ஒண்ணு வருது. எங்க இயக்குநர் அவங்களை நேரா தறிக் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு. கூடம் காலி. மரத்துல, பழசா, நூலோ கயிறோ கட்டினதா ஏதாவது இருந்தாக் கொடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்லை."

கண்டக்டரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொல்லையில் கயிற்றுக் கட்டில் ஒன்று கிடந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டில் யாரும் அதன் பக்கமே போவதில்லை. இரண்டு பேரும் அதைத் தூக்கி வந்து வைத்தார்கள். ஆய்வாளர் தடவித் தடவிப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துத் தறி?"

"காலமெல்லாம் தெரியாதுங்க. கால் நாலு இருக்கு" என்றார் அண்ணி. "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி நல்லா வெயில்ல போட்டு, வெந்நீர் ஊத்திக்கங்க சார். சொல்லிட்டேன்."

"கூடவே கூடாதும்மா. பாரம்பரியத்தை இருக்கறபடியே எடுத்துட்டுப் போறதுதான் முறை" என்று ஆய்வாளர் அதைத் தன் சால்வையால் போர்த்தினார்.

குழு வந்த அன்று, பதக்கம் வாங்கியவர் என்பதால் கண்டக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்கு அண்ணி போனார். கூடத்தின் நடுவில், வெல்வெட் விரித்த மேடையில், விளக்கு வெளிச்சத்தில் கட்டில் நின்றது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று எழுதி வைத்திருந்தார்கள். இயக்குநர் அதன் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எத்தனை தலைமுறை இதில் உட்கார்ந்து நெய்திருக்கும் என்று தழுதழுத்தார். குழுவின் தலைவரைக் கைபிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தார். உபசாரத்துக்குத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அசையாமல் இருங்கள். உங்களுக்கே தெரியும்" என்றார்.

சற்று நேரத்தில் தலைவர் நெளிந்தார். "ஆமாம்... உடம்பில் ஏதோ ஊர்வது போல இருக்கிறது" என்றார்.

இயக்குநரின் கண்கள் கலங்கின. முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அதுதான் பாரம்பரியம்."